அசையாத அறுபத்தெட்டு

அந்த ரத்த அழுத்தப் பட்டை இன்றும் எங்கள் சோதனை மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. சாம்பல் துணியின் ஓரம் பிரிந்திருக்கிறது, காற்றடிக்கும் ரப்பர் குமிழின் விரிசலில் டேப் சுற்றியிருக்கிறது. திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையை ஒட்டிய எங்கள் நிறுவனத்தில், ஊசி குத்தாமல் தோலின் மேல் ஒட்டி, உள்ளே ஒளியை அனுப்பி, சதையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும் கருவிகளை வடிவமைக்கிறோம். கருவி உண்மை சொல்கிறதா என்று அறிய, ஒருவர் மேல்கையில் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, எண் இறங்குகிறதா என்று பார்ப்போம்.

அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். நான் குப்பத்துப் பெண், கடலோடி அப்பாவைப் போலவே அட்டக்கரி. "இந்தக் கைக்குள்ள வெளிச்சம் போச்சுன்னா ஊர்ல எல்லார் கைக்குள்ளயும் போயிடும்" என்பார் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். அறையே சிரிக்கும். கை மரத்துப்போய், "போதும் சார்" என்று கெஞ்சினால், "கொஞ்சம் பொறு, இன்னும் இறங்கட்டும்" என்பார். அப்போதும் திரையைத்தான் பார்ப்பார், என் முகத்தை அல்ல.

கறுத்த தோல் ஒளியைக் குடித்துவிடும். என் கையிலிருந்து திரும்பி வரும் ஒளி போதாமல், கருவி பல நேரம் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு காட்டியது. அதற்கு அவர் கண்ட வைத்தியம் எளிது: ஒளி குறைந்தால் கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கட்டும். "அது பொய் சார். என்னை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் சொல்ற பொய்" என்றேன். "கோடு வந்தா டாக்டர் பயப்படுவாரு, வாங்க மாட்டாரு. உன் ஒரு கைக்காக மிஷினை மாத்த முடியுமா?" என்றவர், என் கையைச் சோதனையிலிருந்தே நீக்கிவிட்டார். வெளுத்த கைகள் வந்தன, கருவி தேறிவிட்டது.

பிறகு ஒரு நாள் அப்பாவின் காலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்தபின், ஓட்டம் மறுபடி நிற்கிறதா என்று கவனிக்கக் கெண்டைக்காலில் எங்கள் கருவியைத்தான் ஒட்டியிருந்தார்கள். "என் பொண்ணு செஞ்ச மிஷின்பா" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தார் அப்பா. எண் அறுபத்தெட்டு. இருமினார், அறுபத்தெட்டு. காலை அசைத்தார், அப்போதும் அறுபத்தெட்டு. உயிருள்ள சதையில் எண் கொஞ்சமாவது ஆடிக்கொண்டே இருக்கும். பாதத்தைத் தொட்டேன், ஐஸ் பெட்டி மீனைப் போலச் சில்லிட்டிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். அவர் எங்கள் நிறுவனத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "உங்க சார்கிட்டயே கேட்டுட்டேன்மா. அந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான், மிஷின் சரியாத்தான் இருக்குன்னாரு. ஏசியில கால் சில்லுன்னுதான் இருக்கும்." டாக்டர் வந்து தொட்டுப் பார்ப்பதற்குள் பாதம் நீலம் பாரித்துவிட்டது. முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்தார்கள்.

கண் விழித்த அப்பா, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, உன் மிஷினு இன்னும் அறுபத்தெட்டுதான் காட்டிகினு இருக்குதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் படகில் ஏறவில்லை. என் வேலையைப் பற்றி வாயையும் திறக்கவில்லை.

போன வாரம் அந்தத் தலைமை வடிவமைப்பாளர் வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இருக்கையில் இப்போது நான் இருக்கிறேன். ஒளி போதாதபோது வெறும் கோடுதான் வர வேண்டும் என்று மாற்றியதும் நான்தான். அவருக்குக் காலில் அறுவை சிகிச்சையாம். தனக்கு வைக்கப்போகும் கருவியைத் தன் கையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். நான் உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்து, வெளுத்த கையை நீட்டினார். ஆணியிலிருந்து பட்டையை எடுத்துக் கட்டிக் காற்றடித்தேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் நான் முயலவில்லை. எண் அழகாக இறங்கியது. எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு, அறுபத்தேழு.

"போதும்மா, வலிக்குது" என்று என் முகத்தைப் பார்த்தார்.

நான் திரையைப் பார்த்தபடியே சொன்னேன்: "கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் இறங்கட்டும்."