சுண்ணாம்புக் கோடு

பாறை நகராது என்று நான் சொன்னதை நம்பி ஐந்து பேர் இறங்கியிருந்தால், அந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு? எழுபதுகளின் நடுவில், மாரண்டஹள்ளிக்கு அருகே ஒரு கிணற்று மேட்டில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

நிலவியல் படித்து முடித்து, கிணறுகளுக்கு இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு குடம் தண்ணீருக்கு ஊரே வரிசையில் நின்ற கோடை அது. ஒரு விவசாயிக்கு நான் குறித்துக் கொடுத்த இடத்தில், முப்பது அடி ஆழத்தில், கறுத்த சாய்வான பாறை முகம் ஒன்று தென்பட்டது. இறங்கிப் பார்த்தேன். அதன் வழவழப்பில் என் முகம் மங்கலாக அசைந்தது. உழவுசால் போன்ற மெல்லிய கீறல்கள் மேலிருந்து கீழாக ஓடின.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் இருபுறமும் இழுபட்டு, மேலோடு மெலிந்து முறிந்து, ஒரு பக்கம் சறுக்கி இறங்கிய தடம் அது. இடையில் அரைபட்ட பாறை களிமண்ணாகக் கிடந்தது. அதைத் தாண்டினால் நொறுங்கிய பாறையில் நீர் இருக்கும், அந்த அசைவு ஓய்ந்து யுகங்களாகிவிட்டன என்று விளக்கினேன்.

கிணறு வெட்ட வந்த ஐவரில் மூத்த பெண் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். விரிசலின் குறுக்கே மூன்று விரல்களால் சுண்ணாம்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டு மேலேறினார். மறுநாள் கோடு அறுந்திருந்தால் இறங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

காலையில் அறுந்திருந்தது. உள்ளே யாருமில்லை, ஆனாலும் மணல் உதிரும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. "ஆபீசரே நிக்கறாருங்க, இன்னும் என்ன ரோசனை?" என்று விவசாயி அவர்களைக் குத்தினார். சுண்ணாம்பு உலர்ந்தால் வெடிக்கத்தான் செய்யும் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அப்பெண் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே காட்டினார்.

"காஞ்சா வெடிக்குங்க சார். கீழ எறங்குமுங்களா?"

கோட்டின் ஒரு பாதி மற்றதைவிட விரற்கடை தாழ்ந்திருந்தது. மலைகள் முறிந்து ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டப் பாடப்புத்தகத்தில் வரைந்திருந்த படம், ஒரு முழ நீளத்தில், வெள்ளையாக. பூமியின் பழைய அசைவு திரும்பவில்லை. அடிப்பாறையை நாங்கள் வெட்டியெடுத்ததால் தாங்கலிழந்த துண்டு, அந்தப் பழைய வழியிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது.

யாரும் இறங்க வேண்டாம் என்றேன். நண்பகலில், பாயை இழுப்பது போன்ற ஓசையோடு சுவர் சரிந்தது. தூசி மட்டும் மேலே வந்தது.

அதன்பின், வெட்டுபவர்களைக் கேட்காமல் எந்தக் கிணற்றிலும் வேலையைத் தொடரலாம் என்று நான் எழுதிக் கொடுத்ததில்லை. அந்த விவசாயி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கோடை முழுவதும் அவர் வீட்டார் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.