பேய் மாவாட்டிய காட்சி

1. பெஞ்ச் இன்னா சொல்லுது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் காதர் பாய் எனக்கு புரொஜக்டரைக் காட்டவில்லை. கேபினில் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்து, கீழே மலிவு விலை பெஞ்ச் டிக்கெட் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேள், அதுதான் ஆப்பரேட்டருக்கு முதல் பாடம் என்றார். எழுபதுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு தியேட்டர். அந்த ஜன்னலில் பத்து வருஷம் காது வைத்தேன்.

எங்கள் ஊரில் தோல் பதனிடுகிற பல ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. படம் ரிலீஸாவதும் வெள்ளிதான். அதனால் முதல் நாள் பெஞ்ச் முழுக்கத் தோல் ஷாப் ஆட்கள். அவர்கள் விசிலடித்தால் படம் பிழைத்தது. "ஓட்டு, ஓட்டு" என்று கத்தினால், சனிக்கிழமை காலை அந்த இடத்தில் நான் கத்தரி வைத்துவிடுவேன். வக்கீல் பேசுவது, அம்மா அழுவது, இரண்டாவது டூயட் எல்லாம் போகும். வெட்டியதை ஒரு டப்பாவில் வைத்திருந்து, படப்பெட்டி திரும்பிப் போகும்போது ஒட்டி அனுப்புவோம். சட்டப்படி தப்பு. விநியோகஸ்தரின் ரெப் பார்த்தால் வேலைக்கு வேட்டு. ஆனாலும் கத்தரி வைக்காத ஆப்பரேட்டர் யாரையும் எனக்கு அந்தப் பக்கத்தில் தெரியாது.

2. ரெக்சின் பெல்ட்

எங்கள் ரசிகர்களைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. சண்டைப் படத்தில் ஹீரோ பத்து பேரை அடித்தால் நம்புவார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து குதித்தாலும் நம்புவார்கள். ஆனால் குதித்தவன் காலில் ஷூ மடிந்த விதத்தைப் பார்த்து, "இது மட்டமான சோல்" என்று சொல்லிவிட்டால் போச்சு, அவன் அடிக்கிற அடியே அவர்களுக்கு வலிக்காது.

ஒரு தடவை, அங்கி கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிற வீரன் படம் வந்தது. டப்பிங் படம். பறந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இடுப்பு பெல்ட்டைக் குளோசப்பில் காட்டினார்கள். பெஞ்சிலிருந்து ஒருத்தர் நிதானமாக, "அது தோல் இல்லப்பா, ரெக்சின்" என்றார். தியேட்டரே சிரித்தது. அப்புறம் அவன் உலகத்தைக் காப்பாற்றியும்கூட மரியாதை கிடைக்கவில்லை. நாலே நாளில் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம்.

இப்படி ஒவ்வொரு தடவையும் பெஞ்ச் சொன்னது பலித்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. காதர் பாய் "பெஞ்ச் இன்னா சொல்லுது?" என்று கேட்பார், நான் நீதிபதி மாதிரி தீர்ப்பு சொல்லுவேன்.

3. ஞாயிற்றுக்கிழமை மேட்னி

எண்பதுகளில் ஒரு பேய்ப் படம் வந்தது. பேயும் காமெடியும் கலந்தது. பாழடைந்த பங்களாவில் ஒரு சமையல்காரி. பேய் அவளைப் பயமுறுத்த வருகிறது. அவள் அதை உட்கார வைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டச் சொல்கிறாள். பேய் குழவியைச் சுற்ற, அவள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே மாமியார் கதையெல்லாம் அதனிடம் சொல்லுவாள். இடைவேளைக்கு முன்னால், ஏறக்குறைய ஒரு ரீல்.

பெஞ்சுக்குப் பிடிக்கவில்லை. "பேய்னா பயமா இருக்கணும். மாவாட்டறதுக்கு இன்னாத்துக்குப் பேய்?" என்று கத்தினார்கள். சனிக்கிழமை காலை அந்தக் காட்சி முழுவதையும் எடுத்து டப்பாவில் போட்டேன். பேய் இப்போது பயமுறுத்துகிற சரியான பேயாகிவிட்டது என்று எனக்கு ஒரே திருப்தி.

மறுநாள் மேட்னி இடைவேளையில் கேபின் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பெண். பெண்கள் யாரும் அந்த இரும்புப் படி ஏறி வந்ததே இல்லை. பெயர் எஸ்தர் என்றும், ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல் தோல், தைக்கிற வேலை என்றும் சொன்னாள். அவர்களுக்கு ஞாயிறுதான் லீவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தம்பியோடு சாயங்கால ஷோ பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அவள் லைனில் தைக்கிற பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மாவாட்டற சீன் எங்கண்ணா?"

நான் கூசாமல் பொய் சொன்னேன். அப்படி ஒரு காட்சியே கிடையாது, வேறு படமாக இருக்கும் என்றேன். கீழே மேனேஜர் ரூமில் அன்றைக்கு ரெப் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டில் நாலு பேர்.

அவள் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "என்கூட சாந்தின்னு ஒருத்தி வந்திருக்கா. குழந்த ஜுரத்துல போயி எட்டு மாசம் ஆச்சு. வேலைக்கு வர்றா, போறா, யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசறதில்ல. அந்த ஒரு சீனுக்காகத்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன். இப்ப வெறும் பேயப் பாத்துட்டு உக்காந்திருக்கா. நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன், அது பரவால்லண்ணா."

படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் தீர்ப்பு சொன்னதெல்லாம் வெள்ளிக்கிழமை ஆண்களின் தீர்ப்பு. பெண்கள் பக்கம் தடுப்புச் சுவருக்கு அந்தாண்டை. அவர்கள் விசிலடிப்பதில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்கள். அந்தச் சிரிப்பு கேபின் வரைக்கும் எப்படி வரும்? கேட்காத காதை வைத்துக்கொண்டுதான் நான் கத்தரி பிடித்திருந்தேன்.

பெல் அடிக்க நாலைந்து நிமிஷம் இருந்தது. டப்பாவைத் திறந்தேன். வெட்டிய துண்டை ஒரு ஸ்பூலில் சுற்றி, இரண்டாவது மெஷினில் மாட்டினேன். இடைவேளை முடிந்து படம் தொடர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாமல் ஆட்டுக்கல் வந்தது.

பெஞ்ச் கத்தியது. ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, சுவருக்கு அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு, அப்புறம் நாலைந்து, அப்புறம் பொத்திய கையையும் மீறி அந்தப் பக்கம் முழுவதும். மனசு நிறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மெஷினில் கார்பன் ஆர்க் விளக்கு எரியும்போது ஆப்பரேட்டர் நகர முடியாது. அதில் சாந்தி சிரித்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

காட்சி முடிவதற்குள் ரெப் மேலே வந்துவிட்டார். யாரைக் கேட்டு வெட்டினாய், யாரைக் கேட்டு இங்கே ஓட்டினாய் என்று இரண்டு கேள்வி. யாரையும் கேட்கவில்லை, இரண்டும் நான்தான் செய்தேன் என்றேன். அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார். காதர் பாய் அவர் கையைப் பிடித்துப் பேசி, பதினைந்து நாள் சஸ்பென்ஷனோடு நிறுத்தினார். அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் நான் பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு வாரம் கழித்து மார்க்கெட்டில் எஸ்தரைப் பார்த்தேன். நானே போய்க் கேட்டேன், அந்தப் பொண்ணு சிரிச்சுதா என்று.

"சிரிக்கலண்ணா."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "வெளிய வந்தோம்ல, அப்ப சொன்னா: 'அந்தப் பொம்பளைக்கு மாவு தள்ளவே தெரியல'ன்னு. எட்டு மாசத்துல அவளா பேசுன மொத பேச்சு அதான்" என்றாள்.

தியேட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விசிலடிப்பவன் கருத்து நீங்கள் கேட்காமலே மேலே வந்துவிடும். மற்றவர்கள் கருத்துக்கு நீங்கள்தான் படியிறங்கிப் போக வேண்டும். நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து ஞாயிறு மேட்னி முடிந்ததும் கீழே இறங்கி, பெண்கள் வெளியே வரும் கதவுப் பக்கம் பத்து நிமிஷம் நிற்பேன். அங்கே நின்ற பிறகு எந்தப் படத்திலும் எனக்குக் கத்தரி வைக்கத் தோன்றவில்லை.