நாளைக்கும் பத்து உதை

அட்டை கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்களை அக்கா படிப்பதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மையைப் பார்க்கிறார். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் உதடு ஒரு பக்கம் கோணும். "ஒரே மூச்சுல உக்காந்து எழுதியிருக்கா பாரு" என்பார்.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் அசைவைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஏழு மாதம் தாண்டிய பெண்கள் தினமும் ஒரு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்து, குழந்தை எத்தனை தடவை உதைத்தது என்று அட்டையில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் அதைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. அவரை ஆட்டோவில் ஏற்றிப் போவது என் வேலை. அந்தந்த வீட்டுக் கதையை மாடிப்படியிலேயே விசாரித்து வைப்பது நானாகச் செய்யும் சேவை.

அக்கா யாரையும் நம்பமாட்டார். எடை பார்க்கும் கருவியில் முதலில் தானே ஏறி இறங்குவார். "நான் நேத்து இருந்த மாதிரிதான் இருக்கேன். இது மாறிச்சான்னு பாக்கணும்ல." முள் கூடியிருந்தால் பழி கருவிக்குத்தான். சாப்பிட்டாயிற்று என்று புருஷன் போனில் சொன்னால், "தட்டு நனைஞ்சிருக்கான்னு வந்து பாக்குறேன்" என்பார். வண்டியில் பெட்ரோல் இருக்கிறது என்று நான் சொன்னாலும் எட்டிப் பார்க்காமல் ஏறியதில்லை.

போன வியாழக்கிழமை ஒரு மூன்றாம் மாடி வீடு. மருமகளுக்கு ஒன்பதாம் மாதம். கேள்வி மருமகளுக்கு, பதில் மாமியாரிடமிருந்து. அட்டை முழுக்கப் பத்து, பத்து, பத்து.

"ஏம்மா, உம்புள்ள ஆபீஸ் போகுதா? தினமும் டாண்ணு பத்து உதைச்சிட்டு கையெழுத்துப் போடுது."

"அடக்கமான புள்ள" என்றார் மாமியார்.

"அடக்கம் சரிங்கம்மா. நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை? அந்தக் கட்டத்துலயும் பத்து இருக்கே."

மாமியார் சுவரைப் பார்த்தார். "கட்டம் காலியா இருந்தா ஆராய்ச்சியிலேருந்து பேரை எடுத்துருவீங்க, இலவச ஸ்கேன் கிடைக்காதுன்னு கீழ்வீட்டுல சொன்னாங்க. அதான் நானே நிரப்பி வெச்சேன்."

கீழ்வீட்டில் அதைக் கிளப்பிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். அது வேறு கதை.

அக்கா மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. இன்னைக்கு எத்தனை?"

"காலையிலேருந்து ஒண்ணும் இல்லக்கா. தூங்குதுன்னு அத்தை சொன்னாங்க."

"எழுந்திரு. செருப்பை மாட்டு."

அன்று நான் ஓட்டிய ஓட்டத்தில் அக்கா ஒரு தடவைகூட 'மெதுவா' என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்ட டாக்டர், குழந்தையின் இதயத் துடிப்பு விட்டுவிட்டு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார். மருமகளை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே மாமியார், "நானே கெடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "குழந்தையை எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எடுத்தாச்சுன்னா என்ன அர்த்தம்? அழுதுச்சான்னு சொல்லலியே" என்று அக்கா கதவில் காதை வைத்தார். மாமியாரின் புலம்பலில் ஒன்றும் கேட்கவில்லை. அவரை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

உள்ளே மெல்லியதாக ஓர் அழுகை கேட்டது. மாமியாரின் கண்ணீர் அக்காவின் விரலெல்லாம் வழிந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று கண்ணாலேயே சொன்னார்.