இராசையா சுருட்டிய ஈய வளையம்

இராசையா எனக்குச் சின்னம்மா மகன். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் மெஷின்களைக் கழற்றிப் பூட்டியவன். வேலைதான் பிட்டர் வேலை. தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே கடைசிவரை 'லேபரர்', கூலியாள், என்றே எழுதினார்கள். ஓய்வு பெற்றபோது தந்த சேவைக் கடிதத்திலும் அதே சொல். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலச் சொல் அது ஒன்றுதான்.

அவன் தங்கை இராக்கம்மா புருஷனை இழந்தபோது மகள் சுதர்ஷினிக்கு நாலு வயது. தாய்மாமனாக நின்று அவளை வளர்த்தவன் இவன். சடங்குக்குக் குடிசை கட்டினான், கம்பஸுக்குப் படிக்கப் போனபோது பெட்டி தூக்கினான். இப்போது அவள் பதுளையில் ஆராய்ச்சிக்காரி. பொருள்களைக் கடுங்குளிரில் வைத்தால் அவற்றின் குணம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற வேலை. அந்த வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மாமா, குளிர்ல சாடி மூடியோட ரப்பர் வளையம் பிஸ்கட் மாதிரி ஒடையுது. சாமான் வெளிநாட்டுல இருந்து வர ஆறு மாசம் ஆகும்."

இராசையா தொழிற்சாலை ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்தான். திரி போலச் சுருட்டி, நுனிகளைச் சரிவாகச் சீவிச் சேர்த்து, ஆய்வுக்கூடத்துக் குளிர்ச் சாடியின் மூடிக்கடியில் வைத்து முடுக்கினான். ஈயம் நசுங்கி உட்கார்ந்தது. எத்தனை குளிரிலும் ஒழுகவில்லை.

"சங்கத்துல ஒங்க பேரச் சொல்லித்தான் பேசுவேன் மாமா. தொழில்நுட்ப உறுப்பினர்னு கார்டு வாங்கித் தர்றேன்" என்றாள்.

கார்டுக்கான படிவத்தில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடவேண்டும். அவளுடைய ஆய்வுக்கூடத்துப் பெரியவர் மொஹிதீன் உடனே போட்டுக் கொடுத்தார். "சங்கத்துல பேசிட்டுப் போடுறேன் மாமா" என்று அவள் மட்டும் தள்ளி வைத்தாள்.

இந்த வருஷக் கூட்டம் பண்டாரவளையில் நடந்தது. மொஹிதீன் வெளிநாடு போயிருந்தார். புதுச் சட்டையும், புகையிலை டப்பாவில் நாலு வளையங்களும், மிச்ச ஈயத்தாளுமாக இராசையா வந்தான். துணைக்கு நான். நம் சனத்தில் தாய்மாமன் சபையில் இருந்தால் முதலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவன் எழுந்திருக்கத் தோதாக நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தான்.

சுதர்ஷினி மேடையேறினாள். திரையில் வளையம் வந்தது. அதைப் பிடித்திருக்கிற கையும் வந்தது. நுனி போன ஆள்காட்டி விரல், தேயிலை சுருட்டுகிற ரோலர் கடித்தது. எனக்குத் தெரியாதா அந்தக் கை?

இது யாருடைய யோசனை என்று தலைவர் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. இராசையாவுக்கு நடுவில் ஒரு சொல் விளங்கியது. நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டான்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "எங்க குழுவோட யோசனை, ஒரு எஸ்டேட் லேபரர் சுருட்டித் தந்தார்னு சொல்றாங்க" என்றார்.

தேநீர் நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன மாமா, மூஞ்சி உம்முனு இருக்கு? கேக் சாப்பிடலையா?"

"எம்பேரு என்னாச்சு தாயி?"

"மாமானு சொன்னா, சொந்தக்காரங்கள உள்ள இழுக்குறானு பேசுவாங்க. ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

"மாமானு சொல்ல வேணாம். பிட்டர்னு சொல்லிருக்கலாமே."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்புறம் பேசுவோம். மத்தியானம் சாடிய எல்லாருக்கும் பூட்டிக் காட்டணும். நசுங்குன வளையம் மறுபடி ஒதவாது. புதுசு ஒன்னு குடுங்க."

இராசையா டப்பாவைத் திறந்தான். நாலு வளையங்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஈயத்தாளை மட்டும் அவள் கையில் வைத்தான்.

"ஒங்க குழுவோட யோசனதானே. சுருட்டிக்க."

"மாமா, நுனி எப்புடிச் சேக்குறதுனு எனக்குத் தெரியாதே!"

அவன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான்.

பஸ்ஸில் அந்தப் படிவத்தை எடுத்து முழங்காலில் விரித்தான். மொஹிதீனின் கையெழுத்து இருந்தது. கீழே ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது.

"வேற யாராச்சும் ஒருத்தர்கிட்ட கேப்போமா?" என்றேன்.

"வேணாண்ணே. அவ போடாத எடத்துல யாரு போட்டு என்னா?"

படிவத்தை நாலாக மடித்தான். காலியான புகையிலை டப்பாவில் வைத்து மூடினான்.