பின்பக்கமாக ஏறினேன்

ஒரு மழைக்காலத்தில் என் முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. பிஜித் தீவில், சவேனியில் எனக்கு ஒரு தகர வீடு, பக்கத்தில் கத்தரித் தோட்டம். புருஷன் போன பிறகு தனிக்கட்டை. சனிக்கிழமைகளில் காயை மூட்டை கட்டி லவுடோக்கா சந்தைக்குக் கொண்டுபோவேன். தோட்டத்தில் குந்தினால் எழ முடியாது. வேலியைப் பிடித்து, சாமியைத் திட்டி, எப்படியோ எழுந்துவிடுவேன். பஸ் படியிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. அவ்வளவு உயரம். டிரைவர் இறங்கி வந்து என்னை அக்குளில் பிடித்துத் தூக்குவான், பஸ்ஸே வேடிக்கை பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதை யாரோ என் மகனிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அவனுக்குச் சுவாவில் ஆபீஸ் வேலை, லாமியில் வீடு. ஓடி வந்தான்.

"பஸ்ஸே ஏற முடியல, தனியா என்னா பண்ணப்போற? எங்ககூட வந்துடும்மா."

"முட்டிதான்டா போச்சு. கையும் வாயும் நல்லாத்தான் இருக்குது."

"வாய் நல்லா இருக்கறது தெரியுது. சனிக்கிழமை யாரும் தொடாம நீயே ஏறு. முடியலேன்னா பெட்டியக் கட்டணும்."

சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மருமகள் தங்கமானவள்தான். ஆனால் அங்கே அடுப்பு அவளுடையது, பேரப்பிள்ளைகள் பேசுவதெல்லாம் இந்தி. மூலையில் வைத்த சாமானாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்த வாரம் பக்கத்துப் பிஜிக்காரர் வீட்டில் ஒரு சாவு. போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது பிஜிக்காரர்கள் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள், அது மரியாதை இல்லை. என்னைவிட மூத்த ஒருத்தி, கால் இரண்டும் வீங்கியவள், உள்ளங்கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே பாயில் நகர்ந்து போனாள். "துலோ, துலோ" என்று எல்லாரிடமும் மன்னிப்பு வேறு கேட்டுக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அட, இது எனக்குத் தோணாமல் போச்சே!

சனிக்கிழமை பஸ் வந்து நின்றது. மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். நான் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, சேலையை இழுத்துச் செருகி, படியில் உட்கார்ந்தேன். கையை ஊன்றி மேல்படிக்கு ஒரு தள்ளு. வலியில் உயிர் போனது. இன்னொரு தள்ளு.

"என்னாம்மா இது, பொம்பள இப்படியா ஏறுவா?" என்றார் நம்ம தமிழாள் ஒருவர்.

"டிரைவரு தூக்கிவிடறதுக்கு இது எவ்வளவோ மேலு. துலோ, துலோ, வழி விடு!"

பிஜிக்காரப் பெண்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். மகன் பதறிக் கையை நீட்டினான்.

"கைய எடுடா! மூட்டையக் குடு."

கொடுத்தான். பஸ் கிளம்பியது. அவன் கூடவே ஓடி வந்து கத்தினான்: "சரிம்மா, எறங்கறது எப்படி?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

"அத லவுடோக்கா போய்ப் பாத்துக்கறேன். நீ லாமிக்குப் போய்ச் சேரு!"