முந்நூற்றுப் பன்னிரண்டு மைல்

சிவசாமி மாமாவின் மோட்டார் சைக்கிளை வாங்கக் கொழும்பிலிருந்து வந்தவர் முதலில் மீட்டரைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "முந்நூற்றிப் பன்னிரண்டு மைல்! ஐம்பது வருசத்திலை!" என்று கூவினார். அவர் பெயர் உமாசுதன். யாழ்ப்பாணத்துக்காரர், பழைய வண்டிகளைச் சேகரிப்பவர். இந்த வகைச் சின்ன வண்டியில் இலங்கைக்கு வந்தவை மூன்றே மூன்றாம்.

வண்டி வந்திறங்கிய 1952ஆம் ஆண்டுக் கப்பல் ரசீது இருந்தது. 1975இல் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, தன் மனைவி இரண்டே தடவை ஏறிய இந்த வண்டி இனி பிட்டர் சிவசாமிக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தது. மாமா அப்போதுதான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"இப்பிடி ஓடாமல் வைச்சிருக்க எவ்வளவு பொறுமை வேணும் ஐயா!"

"ஓட்டாம வைக்கலீங்க," என்றார் மாமா. "ஓட்ட விடல."

தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து டிக்கோயா ரோட்டுக்குப் போக ஒரே பாதை. ஒன்றரை மைல். துரையின் பங்களா விறாந்தையில் உட்கார்ந்தால் அது முழுக்கத் தெரியும். தெரிகிற தூரத்தில் தொழிலாளி எவனும் சக்கரத்தில் உட்கார்ந்து போகக் கூடாது. சைக்கிளானாலும் இறங்கித் தள்ள வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தது இது? வண்டியைக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரர் அந்த வழக்கத்தைக் கூடவே கொண்டுபோகவில்லை. அடுத்து வந்த துரை நம் நாட்டவர்தான். அவருக்கும் அது இனித்தது.

ஒரு வருடம் ஞாயிறுதோறும் மாமா தள்ளினார். ஒருநாள் கொட்டுகிற மழையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதற்காகத் துரை அவரை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அதன் பிறகு வண்டியைச் சாக்கில் சுற்றி வைத்தார். மாதம் ஒருமுறை ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்.

"அந்த முந்நூறுல பாதி தள்ளினதுங்க," என்றார் மாமாவின் மனைவி ராசம்மா. "மீட்டருக்கு என்னா தெரியும்? நானும் சேந்து தள்ளியிருக்கேன்."

உமாசுதன் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் கணவன் மனைவி இருவரும் மகளோடு இருக்கக் கந்தப்பளைக்குப் போகிறார்கள். அங்கே வண்டி வைக்க இடமில்லை, அதனால்தான் விற்பனை. பேச்சு முடிந்தது. ஆனால் பாதையில் பாலம் ஒரு பக்கம் உடைந்து சின்ன வண்டிகள் மட்டுமே போக முடிந்ததால் லொறி டிக்கோயா ரோட்டுப் பெரிய கேட்டிலேயே நின்றுவிட்டது.

"தள்ளிக்கொண்டு போவம். ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஏதும் உடைஞ்சால் போச்சு," என்றார் உமாசுதன்.

மாமாவின் முகம் கறுத்தது. "மறுபடியும் தள்ளச் சொல்றீங்களா?"

"உங்கடை நன்மைக்குத்தானே..."

"ஓட்டிக்கிட்டு வந்துதான் குடுப்பேன். புடிக்கலேன்னா லொறியத் திருப்பிக்கிட்டுப் போங்க."

"தம்பி, நீங்களாவது சொல்லுங்கோ," என்று என் பக்கம் திரும்பினார் உமாசுதன். நான் முக்கில் நின்ற ஆட்டோக்காரனிடம் போய் அரைப் போத்தல் பெட்ரோல் வாங்கி வந்தேன்.

மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. இது நடந்த 2002இல் அந்தப் பாதையில் ஆட்டோக்கள் தாராளமாகப் போய்வந்தன. ஆனாலும் பங்களா காவல்காரர் சின்னராசாவுக்கு மாமாவைக் கண்டதும் பழைய பயம் வந்துவிட்டது.

"அண்ணே, எறங்குங்கண்ணே! தொரை உள்ளதான் இருக்காரு!"

"வெளிய வந்து பாக்கச் சொல்லுடா!"

வாசலுக்கு நேராக வேகத்தைக் குறைத்து, நிதானமாகக் கடந்தார். விறாந்தைக்கு யாரும் வரவில்லை. பார்க்க வேண்டிய அந்தப் பழைய துரை எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மூச்சு வாங்கக் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லொறியில் பலகை சாய்த்து இரண்டு பேர் காத்து நின்றார்கள்.

"இறங்குங்கோ ஐயா, ஏத்துவம்."

"பெட்ரோல் தீரட்டுங்க," என்றார் மாமா.

உமாசுதன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு லொறியின் படியில் உட்கார்ந்துகொண்டார்.