உள்ளங்காலில் ஒரு கறுப்பு முள்

டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போவதை இருபது நிமிஷம் விளக்குவதுதான் தோல் ஆஸ்பத்திரி நர்ஸின் வேலை. அருப்புக்கோட்டையில் பதினாறு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். இதே பிழைப்பு பார்க்கும் உங்களுக்கு என் தொண்டை வலி புரியும்.

முள்

எம்.ரெட்டியபட்டியிலிருந்து கோபால் என்ற பருத்தி விவசாயி மனைவியோடு வந்தார். உள்ளங்காலில் கறுப்பாக ஒரு திட்டு, நடுவில் புண். ஒரு வருஷமாகக் கருவேல முள் என்று நினைத்து ஊக்கால் குத்தியும் எருக்கம்பால் விட்டும் பார்த்திருக்கிறார்கள். சதை எடுத்துப் பரிசோதித்ததில் தோல் புற்றுநோய். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மனைவியைத்தான் முறைத்தார்: "முள்ளு இல்லன்னு தெரிஞ்சிருந்தா ஒன்னைய அம்புட்டு ஆழமா குத்த விட்டிருப்பனா?"

காது வெட்டு

மதுரையில் திட்டை வெட்டி எடுத்தார்கள். நோய் தொடை இடுக்கில் கட்டியாகப் பரவியிருந்ததால், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியும் அங்கேதான். அது என்ன செய்யும் என்று கோபால் என்னிடம் கேட்டார். யார் வீட்டு ஆடு என்று தெரிய அதன் காதை வெட்டி வைப்பது மாதிரி ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் அடையாளம் இருக்கும், ரத்தத்திலுள்ள காவல் செல்கள் அதைப் பார்த்துத்தான் நம்முடையதா, வேண்டாததா என்று கண்டுபிடிக்கும் என்றேன். புற்றுநோய் அந்தக் காவலைக் கட்டிப் போட்டுவிடும், ஊசி அவிழ்த்துவிடும். நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. கோபால் கேட்டார்: "சரித்தான் தாயி. ஆனா அதுவும் நம்ம பட்டியில பொறந்த ஆடுதான? அவுத்துவிட்ட காவ நாயி மத்த ஆட்டைக் கடிக்காதா?"

வெளியே தெரிவது

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு கட்டி சுருங்கியது. கூடவே கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. இந்தப் புற்றுநோய், தோலுக்கு நிறம் தரும் செல்லில் பிறந்தது. நோய்ச் செல், நிறச் செல் இரண்டின் மேலும் சில அடையாளங்கள் ஒன்றேதான். நோயை அழிக்கும் காவல் செல்கள் நல்ல நிறச் செல்லையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. மருந்து வேலை செய்வதன் அறிகுறியாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான். கோபாலின் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடியும்வரை ஊசியை நிறுத்தச் சொல்லி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆளே போய்விடுவார் என்று கத்திவிட்டேன். அந்தம்மா அழுதுகொண்டே சொன்னார்: "நோவு உள்ள கெடக்கும்மா, யாருக்கும் தெரியாது. இது வெளிய தெரியுதே."

பெண் பார்த்த பிறகு

அடுத்த ஊசித் தேதி தாண்டியும் கோபால் மதுரைக்குப் போகவில்லை. நாலாம் நாள் காலையில், ஊசிக்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்காக மகளே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "அப்பாவை நாந்தான் முன்னாடி உக்கார வச்சேன்க்கா. பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. நீங்க சீக்கிரம் ரத்தம் எடுங்க, மதுரை பஸ்ஸு போயிரும்."

பதினாறு வருஷமாக வெள்ளை விழுந்தவர்களைத் தேற்றியே தேய்ந்த வாயால், இப்போது 'விழுந்தது நல்லதுதான்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.